பாடபேதமும் பதினான்கு சோதனைகளும்

'இடைச்செருகல்' என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் வசைச்சொல்லாகவே வழங்கிவருகிறோம். கம்பராமாயணத்தில் பின்னோர் புகுத்திய பாடல்களை 'வெள்ளி பாடல்கள்' என்று பெயரிட்டு ஒதுக்கிய மரபு நம்முடையது. வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் இயற்றிச் சேர்த்தவை அவை என்பது வழக்கு. செருகியவர் குற்றவாளி, களைந்தவர் அறிஞர் என்பது சுவடிப் பதிப்பியலுக்குள் நுழையும் மாணவர் பலரிடமும் காணும் முதல் எண்ணம். அவ்வெண்ணம் போதாது என்று சொல்வதற்கு எனக்கு ஒரு புதிய சான்று கிடைத்திருக்கிறது. அது ஓலையிலிருந்து கிடைத்ததன்று. நான் வாடகைக்குக் குடியிருக்கும் கட்கியில், கீழ்வீட்டுப் பிள்ளைகளின் கணிப்பொறியிலிருந்து கிடைத்தது. விளையாட்டைப் பற்றிய நீண்ட பதிவு என்று தள்ளிவிடாமல், பதிப்பியல், மொழியியல், கணினியியல் மாணவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் பொருளை விளக்கிவிடுகிறேன். கணிப்பொறி விளையாட்டுகளில், விளையாடுவோரே எழுதிச் சேர்க்கும் மாற்றங்களுக்கு 'மாட்' என்று பெயர். புதிய ஊர், புதிய உடை, புதிய கதைமாந்தர், பழைய பிழைக்குத் திருத்தம் என எதுவும் மாட் ஆகலாம். 1993 டிசம்பரில் 'டூம்' வெளிவந்தபோது, அதை ஆக்கியோர் விளையாட்டை இயக்கும் நிரலை ஒருபுறமும், படம், ஒலி, களம் முதலிய தரவுகளை 'வாட்' என்னும் கோப்பில் மறுபுறமுமாகப் பிரித்து வைத்தனர். ரசிகர்கள் தாம் வரைந்த களங்களைத் தனியொரு வாட் கோப்பாக்கி, மூலக்கோப்பின்மேல் ஏற்றி விளையாடினர். மூலம் மாறவில்லை, மேலே ஏறியது கீழே இருப்பதை மறைத்தது, அவ்வளவே. எடுத்துவிட்டால் மூலம் மீண்டும் தெரியும். 1999இல் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டுக்கு மாடாகத் தோன்றிய 'கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்' பின்னர்த் தனி விளையாட்டாகவே வளர்ந்து நின்றது. 2002இல் 'மாரோவிண்ட்' தன் ஆக்குகருவியையும் சேர்த்தே விற்பனைக்கு வந்தது. 2011இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டுக்கு ரசிகர்கள் எழுதிய மாட்கள் இன்று பல்லாயிரக்கணக்கில் உள்ளன. உரைக்கு உரை, உரைக்கு விளக்கம், விளக்கத்துக்குக் குறிப்பு என்று வளர்ந்த நம் நூல்மரபை அறிந்தவர்க்கு இவ்வளர்ச்சி வியப்பூட்டாது.

மாட்கள் ஒன்றிரண்டாக இருக்கும்வரை கையால் நகலெடுத்து ஒட்டலாம். நூறு ஆகும்போது ஒன்றன் கோப்பு மற்றொன்றன் கோப்பை அழிக்கத் தொடங்கும். எது யாருடையது என்பதே மறைந்துபோகும். இதைத் தடுக்கப் பிறந்தவை மாட் மேனேஜர்கள். இன்று பெரிதும் வழங்கும் இரண்டின் இயக்கமுறையைச் சொல்கிறேன். 'மாட் ஆர்கனைசர் 2' எந்தக் கோப்பையும் விளையாட்டின் கோப்புறைக்குள் வைப்பதில்லை. விளையாட்டு இயங்கும் நேரத்தில் மட்டும், எல்லா மாட்களும் அதன் கோப்புறையில் இருப்பதுபோன்ற ஒரு தோற்றத்தை அதன் கண்முன் விரிக்கிறது. 'வோர்டெக்ஸ்' வேறு வழியில் செல்கிறது. மாட்களைத் தன் கிடங்கில் வைத்துக்கொண்டு, விளையாட்டுக் கோப்புறையில் அவற்றுக்கு 'ஹார்ட் லிங்க்' இடுகிறது. ஒரே சுவடிக்கு நூலகத்தின் இரண்டு அட்டவணைகளில் இரண்டு எண்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். சுவடி ஒன்றே, எந்த எண்ணைச் சொல்லிக் கேட்டாலும் அதே கட்டுத்தான் கைக்கு வரும். ஆனால் ஓர் அட்டவணை தன் கட்டடத்துக்குள் இருக்கும் சுவடிக்கே எண் தர இயலும். அதுபோல ஹார்ட் லிங்க் ஒரே டிரைவுக்குள்தான் செல்லும். கிடங்கு ஒரு டிரைவிலும் விளையாட்டு மற்றொரு டிரைவிலும் இருந்தால் இடவே முடியாது. இந்த ஒரு விதியைக் கீழே மீண்டும் காண்போம்.

இன்னொன்றும் அறிய வேண்டும். ஸ்கைரிம் குடும்பத்து விளையாட்டுகளில் ஒவ்வொரு கல்லுக்கும் கதவுக்கும் மனிதனுக்கும் எட்டிலக்க எண் ஒன்று உண்டு. பதினாறன் அடிமானத்தில் எழுதப்படும் அவ்வெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள், அப்பொருள் வரிசையில் எத்தனையாவது கோப்பிலிருந்து வந்தது என்பதைக் காட்டும். இரண்டு இலக்கங்களில் 256 எண்களே அடங்கும்; ஒன்றை விளையாட்டு தனக்கென ஒதுக்கிக்கொள்வதால் 255 கோப்புகளே முதலில் உச்சவரம்பாக இருந்தன. ஒரே பொருளை இரண்டு மாட்கள் மாற்றினால், வரிசையில் கடைசியாக ஏறியதன் பாடமே செல்லும். ஆகவே எதை முன்வைப்பது, எதைப் பின்வைப்பது என்பதே இக்கலையின் பாதி. ஒன்றை ஒன்று சார்ந்திருக்கும் பொருள்களை முரணின்றி வரிசைப்படுத்தும் வழியைக் கணினியியலார் 1960களிலேயே வகுத்துவிட்டனர். 'லூட்' என்னும் கருவி அவ்வழியில்தான் இவ்வரிசையை அமைத்துத் தருகிறது. எனினும் எந்தக் கருவியும் சார்புகளைத்தான் அறியும். விளையாடுபவர் மனத்தில் எது முக்கியம் என்பதை அறியாது.

இனிக் கட்கிக்கு வருகிறேன். 1817 நவம்பர் 5ஆம் நாள் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கும் போர் நிகழ்ந்த நிலம் இது. பின்னர்ப் பாசறையாகி, 1869இல் வெடிமருந்துத் தொழிற்சாலையும் பெற்றது. மராத்தியில் கட்கி, ஆங்கிலேயர் ஏட்டில் கிர்க்கி; இரண்டாம் உலகப்போரில் மடிந்தோரின் கல்லறைத்தோட்டம் இன்றும் கிர்க்கி என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. ஊர்ப்பெயருக்கே பாடபேதம் உள்ள இடத்தில் ஒரு பதிப்பியல் மாணவன் குடியேறியது பொருத்தமே. நான் ஆராய்வது மகாபாரதத்தின் தென்னாட்டுப் பாடத்துக்கும் தமிழ்ப் பாரதங்களுக்கும் உள்ள உறவை. அதற்கெனப் பண்டார்க்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்துக்கு நாள்தோறும் பேருந்தில் செல்கிறேன். மாலையில் கட்கிக்குத் திரும்புகிறேன்.

கீழ்வீட்டுக் குடும்பம் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்தது. தந்தையார் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் இருவர். மூத்தவன் இரண்டு ஆண்டுகளுக்குமுன் இராணுவத்தில் சேர்ந்து, வடக்கே தொலைபேசித் தொடர்பு அரிதாகக் கிடைக்கும் ஓரிடத்தில் இருக்கிறான். இளையவன் பதினொன்றாம் வகுப்பு. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுபவன். அவ்வீட்டின் பழைய கணிப்பொறியில், பெயர்பெற்ற ஒரு விளையாட்டை அண்ணனும் தம்பியும் ஆறு ஆண்டுகளாக விளையாடிவந்தனர். அதன்மேல் 117 மாட்கள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று எந்த இணையதளத்திலும் கிடைக்காதது; மூத்தவனே கட்டியது. விளையாட்டுலகின் ஏரிக்கரை ஒன்றில் திண்ணையும் நடுமுற்றமும் உள்ள ஓர் ஓட்டு வீடு. விற்கப்பட்டுவிட்ட அவர்கள் பாட்டி வீட்டை நினைவிலிருந்து அளந்து அவன் எழுப்பியது அது.

ஜூலை மாதத்தில் ஒரு கணிப்பொறிக் கடையில் புதிய எஸ்எஸ்டி பொருத்தித் தந்தார்கள். வேகம் கூடட்டும் என்று கடைக்காரர் விளையாட்டை மட்டும் புதிய டிரைவுக்கு மாற்றிவைத்தார். மாட்களின் கிடங்கு பழைய டிரைவிலேயே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தபோது மாட் மேனேஜர் சிவப்பு எழுத்துகளைக் கொட்டியது. விளையாட்டோ, 117இல் ஒன்றும் இல்லாத வெறும் மூலமாகத் திறந்தது. அண்ணனுடைய சேமிப்பைத் தொட்டவுடன், இச்சேமிப்பு சார்ந்துள்ள உள்ளடக்கங்கள் காணப்படவில்லை, தொடரலாமா என்று கேட்டது. அண்ணன் தீபாவளிக்கு விடுப்பில் வருவதாகச் சொல்லியிருந்தான்.

"அண்ணா, நீங்க பழைய ஏடுங்களை எல்லாம் ஒட்டவைக்கிறவர்னு அப்பா சொன்னாரு. இதைக் கொஞ்சம் பாக்குறீங்களா?" என்று இளையவன் மாடி ஏறி வந்தான். சுவடியை ஒட்டவைப்பது என் தொழிலன்று என்று விளக்க நேரமில்லை. இறங்கிப் போனேன். அவன் தாயார் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவங்க தாத்தா நெசமான மாட்டை மேய்ச்சாரு தம்பி. இவன் பெட்டிக்குள்ள மேய்க்கிறான். நூத்துப் பதினேழாம்! அத்தனையும் காணோமாம்!" என்றார். அவர் சிரித்தாலும், மூத்தவன் கட்டிய வீட்டை அவர் பலமுறை அத்திரையில் பார்த்திருக்கிறார் என்பதை அவர் குரல் சொல்லியது. "திண்ணைத் தூண் ரெண்டும் அப்படியே இருக்கும்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

இளையவனுக்குக் கிடைத்த அறிவுரைகள் யாவும் ஒன்றே: எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவு. நண்பர்களும் அதையே சொன்னார்கள். வேறு சிலர், எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து ஒருமுறை சேமித்துவிடு, சரியாகிவிடும் என்றனர். அவன் அதைச் செய்யாதது நற்பேறு. இவ்வகை விளையாட்டுகளில் சேமிப்புக்கோப்பு என்பது வெறும் மதிப்பெண் பட்டியலன்று. ஒவ்வொரு மாடும் உலகில் வைத்த பொருள்களின் நிலையும், அவற்றின் நிரல்கள் எந்த இடத்தில் நிற்கின்றன என்பதும் அதற்குள் எழுதப்பட்டிருக்கும். மாட்கள் இல்லாத நிலையில் திறந்து சேமித்தால், சொந்தக்காரர் இல்லாத குறிப்புகளை விளையாட்டு உதறிவிடும். அதன்பின் மாட்களை மீட்டாலும், திண்ணையில் அண்ணன் வைத்துச்சென்ற பொருள்கள் மீளா. சுவடியில் ஏட்டெண் மட்டும் இருந்து ஏடு தொலைந்திருக்கும்போது, படியெடுப்பவர் அவ்வெண்ணையும் விட்டுவிட்டுத் தொடர்ச்சியாக எழுதிவிட்டால் என்ன நேரும்? அதன்பின் அங்கே ஏதோ இருந்தது என்பதே எவர்க்கும் தெரியாது.

ஆகவே முதல் வேலை எதையும் சரிசெய்வதன்று; படியெடுப்பது. சேமிப்புகள், மாட் கிடங்கு, மேனேஜரின் பதிவுகள், வரிசைப் பட்டியல், இறக்கிய மூலக் கட்டுகள் ஆகிய அனைத்தையும் வெளி டிரைவில் நகலெடுத்தோம். இரண்டாவது வேலை, பிழைப் பதிவைப் படிப்பது. சிவப்பு எழுத்தைக் கண்டதும் மூடிவிடுவது மாணவர் வழக்கம். ஆனால் அவ்வெழுத்துகளே முழுக் காரணத்தையும் சொல்லியிருந்தன. லிங்க் இட இயலவில்லை. மூலமும் இலக்கும் வெவ்வேறு டிரைவில் உள்ளன. மேலே சொன்ன விதி. மேனேஜரின் அமைப்புக்குள் சென்று கிடங்கைப் புதிய டிரைவுக்கு மாற்றச் சொன்னோம். கோப்புறையைக் கையால் இழுத்துப் போட்டிருந்தால் மேனேஜர் தன் கணக்கை இழந்திருக்கும். அதனிடமே சொல்லி மாற்றியதால் கணக்கும் உடன் வந்தது. அரைமணி நேரத்தில் 117ம் திரும்பின.

சேமிப்பு திறந்தது. ஏரிக்கரையை நோக்கி நடந்தான் தம்பி. கரை தெரிந்ததும் விளையாட்டு முறிந்து, திரை வெறுமையாயிற்று. மறுபடியும் முயன்றான், அதே இடம், அதே முறிவு.

இப்போதுதான் உண்மையான ஆராய்ச்சி தொடங்கியது. முறிவைப் புதிய விளையாட்டு ஒன்றில், அண்ணனின் சேமிப்பைத் தொடாமல், அதே ஏரிக்கரைக்கு நேரே சென்று மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடிந்தது. மீண்டும் நிகழ்த்தக்க பிழை பாதி தீர்ந்த பிழை என்பதை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர்கள் அறிவர். 117ஐ ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் 117 சோதனை. பாதிபாதியாகப் பகுத்தால் 7 சோதனை போதும். ஏனெனில் ஏழு முறை இரட்டித்தால் 128 ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் அடிப்படையான நூலகக் கோப்புகளை மட்டும் எப்போதும் ஏற்றிவைத்து, முதல் 58ஐக் கொண்டு விளையாடினோம். முறியவில்லை. மற்ற 59ஐக் கொண்டு விளையாடினோம். அதுவும் முறியவில்லை.

தம்பி சோர்ந்துபோனான். "அப்போ எதுலயும் தப்பு இல்லையா அண்ணா?" என்றான். அந்தக் கேள்விதான் இப்பதிவின் நடுப்பொருள். இரண்டு பாதியும் தனித்தனியே நலமாக இருந்து, சேர்ந்தால் மட்டும் முறிந்தால், தவறு எந்த ஒன்றிலும் இல்லை. இரண்டின் சந்திப்பில் இருக்கிறது. பாதிபாதியாய்ப் பகுக்கும் முறை, குற்றவாளி ஒருவனே என்று முன்கூட்டியே கருதிக்கொள்கிறது. அக்கருத்து உடையும் இடத்தில் என்ன செய்வது என்பதை ஆண்ட்ரியாஸ் செல்லர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1999இல் ஒரு கட்டுரையில் வகுத்தளித்தார்; நேற்று இயங்கிய நிரல் இன்று ஏன் இயங்கவில்லை என்னும் கேள்வியே அதன் தலைப்பு. வழி எளியது. ஒரு பாதியை முழுமையாக வைத்துக்கொண்டு மற்றப் பாதியைப் பகுக்க வேண்டும். அங்கே ஒன்று அகப்பட்டதும், அதை மட்டும் வைத்துக்கொண்டு முதற்பாதியைப் பகுக்க வேண்டும். முதல் இரண்டு, பின் ஆறு, பின் ஆறு: ஆகப் பதினான்கு சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினோம். முடிவைத் தம்பி தன் வேதியியல் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டான். நடுவே ஒருமுறை மழையில் மின்சாரம் நின்றது. ஏடு இருந்ததால் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

அகப்பட்ட இரண்டில் ஒன்று, நிலத்தோற்றத்தை அழகுபடுத்தும் புகழ்பெற்ற மாட். அதன் புதிய பதிப்பு தானே இறங்கி நிறுவிக்கொண்டிருந்தது. மற்றொன்று அண்ணனின் வீடு.

இரண்டையும் எக்ஸ்எடிட் என்னும் கருவியில் திறந்தோம். திரையைக் கண்டதும் எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே வந்தன. இடப்பக்கத்தில் பொருளின் பெயர். அடுத்த கட்டத்தில் மூல விளையாட்டின் பாடம். அதற்கடுத்த கட்டங்களில் ஒவ்வொரு மாடும் தரும் பாடம். வேறுபடும் இடங்களில் நிறம். பண்டார்க்கர் நிறுவனத்தார் பாரதச் சுவடிகளை ஒப்பிட்ட தாள்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. வழக்கிலுள்ள பாடத்தின் வரியைத் தாளின் தலையில் எழுதி, ஒவ்வொரு சுவடியின் வேறுபாட்டையும் அவ்வவ்வெழுத்துக்கு நேரே குறித்துச்சென்ற தாள்கள் அவை. இரண்டு இடத்திலும் வேலை ஒன்றே: யார் எதை மாற்றினார், எந்த அடுக்கில் மாற்றினார் என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்துவைத்தல்.

காரணம் ஒரே வரியில் கிடந்தது. மாந்தர் எங்கெல்லாம் நடக்கலாம் என்பதைக் குறிக்கும் கண்ணுக்குத் தெரியாத வலை ஒன்று நிலத்தின்மேல் விரிக்கப்பட்டிருக்கும். நில மாடின் புதிய பதிப்பு, ஏரிக்கரையை உயர்த்தியபோது பழைய நடைவலையை அழித்துவிட்டுப் புதிதொன்றை இட்டிருந்தது. அண்ணனின் வீட்டு வாசலோ பழைய வலையில் கட்டப்பட்டிருந்தது. இல்லாத தரையை வாசல் தேடியது, அவ்விடத்தில் முறிந்தது. நில மாடை எழுதியவர் தம் வேலையைச் செவ்வனே செய்திருந்தார். அவர்க்குக் கட்கியில் ஒருவன் தன் பாட்டி வீட்டைக் கட்டியிருப்பது தெரிய வழியில்லை.

இங்கே மென்பொருளை ஆராய்வோர்க்கு ஒரு சொல். இது விளையாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்னும் பதினொரு வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக்களத்திலிருந்து நீக்கியபோது, அதை நேரடியாக அறியாதவர்களின் ஆயிரக்கணக்கான திட்டங்கள் ஒரே நாளில் நின்றன. 2021 நவம்பரில் ஸ்கைரிமின் பத்தாம் ஆண்டுப் புதுப்பிப்பில் மூல நிரல் புதிய தொகுப்பியால் மீண்டும் தொகுக்கப்பட்டபோது, அதன் உள்முகவரிகளை நம்பி எழுதப்பட்டிருந்த மாட்கள் பல ஒரே இரவில் இயங்காமற் போயின. நம் ஆய்வுக்கூடங்களில் ஐந்தாண்டுக்குமுன் எழுதிய புள்ளியியல் நிரல் இன்று இயங்குவதில்லை என்று முணுமுணுப்போர் எத்தனை பேர்? மேலே கட்டுபவன் கீழே இருப்பவனை அறிவான். கீழே இருப்பவன் மேலே இருப்பவனை அறியான். இந்த ஒருபக்க அறிமுகமே சார்புச் சிக்கலின் வேர்.

இனி, தீர்வு. மூன்று வழிகள் இருந்தன. வீட்டை நீக்குவது முதல் வழி. அது வழியே அன்று. நில மாடைப் பழைய பதிப்புக்குத் திருப்புவது இரண்டாம் வழி. இறக்கிய கட்டு கிடங்கில் இருந்ததால் அது இயலும். ஆனால் புதிய பதிப்பில் வந்த பிற திருத்தங்களைத் தம்பி விரும்பினான். மூன்றாவது வழி, இரண்டுக்கும் பின்னர் ஏறும்படி ஒரு சிறு இணக்கக்கோப்பு எழுதுவது. அவ்வொரு கரையில் மட்டும் நிலத்தின் உயரத்தையும் நடைவலையையும் பழைய பாடத்துக்குக் கொண்டுவந்து, மற்ற எல்லாவற்றையும் புதிய பாடத்திலேயே விடுவது. தம்பி அதைத் தேர்ந்தான். கருவியை இயக்கக் கற்றுக்கொண்டு, நான்கு மாலைகளில் அவனே எழுதினான். நான் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவனிடம் காரணம் கேட்டேன். என் நெறியாளர் என்னிடம் கேட்பதுபோல.

அம்மாலைகளில் நான் சொன்ன கதை மகாபாரதப் பதிப்பின் கதை. 1917இல் தோன்றிய பண்டார்க்கர் நிறுவனம் 1919இல் பாரதச் செம்பதிப்பைத் தொடங்கியது, 1966இல் நிறைவுசெய்தது. வி. எஸ். சுக்தங்கர் 1925 முதல் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து நெறிகளை வகுத்தார், 1943இல் மறைந்தார், பணி நிற்கவில்லை. 1259 சுவடிகள் ஒப்பிடப்பட்டன என்பது நிறுவனத்தின் கணக்கு. சாரதை, தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, கிரந்தம், மலையாளம் எனப் பல எழுத்துகளில் ஒன்றோடொன்று முரணிக் கிடந்த அக்கட்டுகளிலிருந்து, கிடைக்கும் சுவடிகளைக்கொண்டு எட்டத்தக்க மிகப் பழைய வடிவத்தைக் கட்டினார்களேயன்றி, வியாசர் வாய்மொழி இதுவே என்று அவர்கள் சாதிக்கவில்லை. அதைவிட முக்கியமானது, நீக்கியவற்றை அவர்கள் என்ன செய்தார்கள் என்பது. வியாசர் சொல்லப் பிள்ளையார் எழுதிய கதை மூலத்தில் இடம்பெறவில்லை. ஆனால் அழிக்கப்படவும் இல்லை. எந்தெந்தச் சுவடியில் உள்ளது என்ற குறிப்போடு பிற்சேர்க்கையில் இருக்கிறது. விண்மீன் குறியிட்ட அடிக்குறிப்புகளிலும் பிற்சேர்க்கைகளிலும் கிடக்கும் அந்தப் பாடல்கள் இல்லையெனில் என் ஆய்வே இல்லை; தென்னாட்டார் எதைச் சேர்த்தார், ஏன் சேர்த்தார் என்பதுதானே நான் தேடுவது. கம்பனின் மிகைப்பாடல்களைத் தனியே தொகுத்து அச்சிட்ட தமிழ்ப் பதிப்பாசிரியர்களும் இதே அறத்தையே பேணினர்.

"அப்படின்னா மாட் மேனேஜர் வேலையும் அதுதானே அண்ணா? எதையும் மூலத்துல எழுதாது. தனித்தனியா வச்சிருக்கும். வேணும்னா ஏத்தும், வேணாம்னா இறக்கும்" என்றான் தம்பி. நான் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசிச் சொல்வதை அவன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். மூலத்தைக் காப்பதும் செருகலைக் காப்பதும் எதிரெதிர்ப் பணிகள் அல்ல. அடுக்குகளைக் கலக்காமல் வைத்திருந்தால் இரண்டும் ஒரே பணி. கலந்துவிட்டால்தான் ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிக்கும் நிலை வரும். 'எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவு' என்னும் அறிவுரை வேகமானது, பல நேரம் பயன்தருவதும்கூட. ஆனால் அது வரலாறில்லாத பெட்டிக்கே ஏற்றது. ஒரு மனிதனின் ஆறு ஆண்டு உள்ளே இருக்கும் பெட்டிக்கு அன்று.

இத்தொல்லையில் சிக்கும் மாணவர்களுக்குச் சில நெறிகளைச் சொல்லிவிடுகிறேன். எதையும் தொடும் முன் படியெடுங்கள். விளையாட்டையும் கிடங்கையும் ஒரே டிரைவில், விண்டோஸ் காவல்வைத்திருக்கும் நிரல் கோப்புறைக்கு வெளியே வையுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, நீங்கள் படித்துப் பார்த்தபின் புதுப்பியுங்கள். கோப்புறைப் பாதை நீளமானால் 260 எழுத்து என்னும் பழைய எல்லையில் முட்டும், குறுகிய பெயரிடுங்கள். ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைப் பிடித்தால் உடனே அதை வாயடைக்காதீர்கள். 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மாட்களுக்குள் ஒளிந்து தீநிரல் பரவியதை நினைவில் வையுங்கள். நடுவழியில் ஒரு மாடை நீக்கிவிட்டு அதே சேமிப்பில் தொடராதீர்கள். ஒரு சோதனைக்கு ஒரு மாற்றம், ஒவ்வொன்றும் ஏட்டில்.

அக்டோபரில் மூத்தவன் வந்தான். வந்த அன்று உறங்கினான். மறுநாள் மாலை தம்பி கணிப்பொறியைத் திறந்து கொடுத்தான். தாயாரும் பின்னால் வந்து நின்றார். ஏரிக்கரை திறந்தது, முறியவில்லை. அண்ணன் வாசல்வரை நடந்து, நின்று, "இந்த விளக்கு நான் வைக்கலையே" என்றான். திண்ணை மாடத்தில் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. இணக்கக்கோப்பு எழுதும்போது தம்பி என்னிடம்கூடச் சொல்லாமல் சேர்த்தது.

"எடுத்துடவாண்ணா?" என்று தம்பி கேட்டான். "தனிக் கோப்புலதான் இருக்கு."

"இருக்கட்டும்டா" என்றான் அண்ணன்.

அன்றிரவே 118 மாட்களின் பெயர், பதிப்பெண், வரிசை ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதி, அண்ணனின் வீட்டையும் தம்பியின் இணக்கக்கோப்பையும் சேர்த்து மூன்று இடங்களில் நகலெடுத்து வைத்தோம். பட்டியலின் கடைசி வரியில், இன்ன கோப்பு இன்னார் எழுதியது, இன்ன காரணத்தால் எல்லாவற்றுக்கும் பின்னர் ஏறவேண்டும் என்று தம்பி தன் கைப்பட ஒரு குறிப்பு எழுதியிருக்கிறான். பதிப்புரை எழுதத் தெரியாமல் திணறும் என் வகுப்புத் தோழர்களுக்கு அதைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.